அத்தானின் வயிறு

எங்கள் அத்தான் வெளியில் பேசும்போது வசனங்கள் குட்டையாகத்தான் வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் அவரை அடக்கமான மனிதர் என்று நினைத்துவிடுவார்கள். விஷயம் வேறு. ஆட்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவர் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். எக்கிய வயிற்றோடு யாராலும் நீளமாகக் கதைக்க முடியாது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சை விடுவார். அன்றைக்கு ஊருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் அக்காவுக்கும் எனக்கும் அப்போது சொல்லித் தீர்ப்பார்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது போரின் கடைசி வருடங்கள் நடந்துகொண்டிருந்தன. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி, ஒரு பெண்பிள்ளை தினமும் போய்வரத் தேவையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் அக்கா வீடு இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சும்மா கிடந்த அறையை எனக்குத் தந்தார்கள்.

அத்தான் காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மனேஜர். அந்தக் கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. அது போதாதென்று மேசையிலும் இரு பக்கமும் முகம் பார்க்கக்கூடிய சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகள், உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் முகம் பார்ப்பதற்குச் சரியாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். மேசைக்குப் பின்னால் நிற்கும் அத்தானுக்கு அவற்றில் முகம் தெரியாது. குனிந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வயிறு தெரியும். ஒரே நேரத்தில் ஐந்தாறு கண்ணாடிகளில் தெரியும். காலையிலிருந்து மாலைவரை, ஞாயிற்றுக்கிழமை தவிர, வருடக்கணக்கில் ஒரு மனிதன் தன் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு அத்தான்தான் சாட்சி.

உண்மையில் அது ஒன்றும் பெரிய வயிறல்ல. மத்திய வயதில் கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்து, பின்னேரம் மீன் வைத்த மாலுபாணும் ரோல்ஸும் சாப்பிடுகிற எவருக்கும் இருக்கக்கூடிய வயிறுதான். ஆனால் தென்னிந்தியப் படக் கதாநாயகர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சட்டையைக் கழற்றத் தொடங்கிய காலம் அது. தொலைக்காட்சியில் அப்படி ஒரு காட்சி வந்தால் அத்தான் சோற்றுக் கையோடு எழுந்து கிட்டப் போய்ப் பார்ப்பார். அந்த நடிகனுக்கு நடிக்கத் தெரியாது என்று அக்கா சொன்னால், அந்த வயிறு இருந்தால் நடிப்பு எதற்கு என்று திருப்பிக் கேட்பார். போட்டோ எடுக்கும்போது அத்தான் எப்போதும் முன்வரிசையில் யாருடைய குழந்தையையாவது தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பார். கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்ததும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொடுக்கப் பழகிவிட்டார்கள்.

அவருடைய துன்பமெல்லாம் சோதனைச் சாவடியில்தான். இடுப்பில் குண்டு எதையாவது கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற நாட்கள். பஸ்ஸை மறிப்பார்கள், எல்லாரும் இறங்கவேண்டும். ஆம்பிளைகளைப் பார்த்து, "கமிசய உஸ்ஸன்ன" என்பார்கள். போட்டிருக்கும் சேட்டை வயிறு தெரியத் தூக்கிக் காட்டவேண்டும். மற்றவர்களுக்கு அந்த நிமிடத்தில் உயிர்ப்பயம். அத்தானுக்கு வெட்கம்தான் பெரிது. சேட்டை ஒரு சாண் தூக்கி, மூச்சை இழுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது பஸ்ஸை மறித்தார்கள். வரிசையில் அத்தானுக்கு முன்னால் நின்ற சிப்பாய் சிறுவயதுக்காரன், விளையாட்டுப் புத்தி. அத்தானின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பபா கவதத?" என்றான். குழந்தை எப்போது பிறக்கும் என்று கேட்கிறான். மற்றச் சிப்பாய்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்ற எங்கள் ஆட்களும், சிரிக்கச் சொல்லிவிட்டார்கள் என்ற நிம்மதியில், சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்திராவிட்டால். அவள் கோயில் பூவைக் கையில் வைத்துக்கொண்டு வீதியின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அத்தான் வீட்டுக்கு வந்தும் மூச்சை விடவில்லை.

சில மாதங்கள் கழித்து, திருப்பதிக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, இந்தியாவுக்குப் போகவேண்டும் என்றார். கடவுள் விஷயத்தில் அவருக்கு அவ்வளவு அவசரம் இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். ஆம்பிளை தனியாகச் செய்கிற நேர்த்தி என்று சொல்லித் தனியாகவே போனார். திரும்பி வந்தபோது தலைமயிர் அப்படியே இருந்தது. மொட்டை போடவில்லையா என்று அக்கா கேட்டாள்.

"சுவாமி வேண்டாமெண்டிட்டார்" என்றார் அத்தான்.

சுவாமி வேறு எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அத்தானின் நடையிலேயே தெரிந்தது. பலகையைக் கட்டிவிட்டது போல நடந்தார். கதிரையில் இருக்கும்போது முதலில் ஒரு கை, பிறகு மறு கை, பிறகு மெதுவாக மற்றதெல்லாம். ரயிலில் முதுகு பிடித்துவிட்டது என்றார். அக்கா எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தாள், கிட்ட விடவில்லை. நல்ல வெக்கையிலும் குளியலறையைப் பூட்டிக்கொண்டு உடுப்பு மாற்றினார்.

இரண்டு வாரம் போலப் போயிருக்கும். ஒரு காலை குளியலறைக்குள், துவாய்க்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த ஒரு சாமானை அக்கா கண்டெடுத்தாள். தோல் நிறம், ரப்பர் மாதிரி இறுக்கம், பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள். பெண்கள் போடுகிற உள்ளாடை என்றுதான் எனக்கும் பட்டது. அக்கா அதை மடித்து, சாப்பாட்டு மேசையில் அத்தானின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் எழும்பப் போனேன். இரு என்று கையைக் காட்டினாள்.

அத்தான் வந்தார், பார்த்தார், நின்றார்.

"ஆர் அவள்?" என்றாள் அக்கா.

"அது என்ர" என்றார் அத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்தது. சென்னையில் ஒரு டொக்டர். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, குழாய் விட்டு, கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறாராம். சும்மா எடுத்துத் தட்டையாக்குகிற வேலையல்ல, அது கலை என்றார் அத்தான். டொக்டர் முதலில் பேனையால் வயிற்றில் படம் கீறியிருக்கிறார். கோடு வரவேண்டிய இடத்தில் உறிஞ்சி, மேடு வரவேண்டிய இடத்தில் விட்டிருக்கிறார். வீக்கம் இறங்கியதும் படத்தில் வருகிற வயிறு மாதிரி ஆறு கட்டியாகத் தெரியுமாம். அதுவரை அந்த இறுக்கச் சட்டையைப் போட்டிருக்கவேண்டும்.

அக்கா கவனமாகக் கேட்டாள். "அப்ப அந்த மேடெல்லாம் தசை இல்லை. மிச்சக் கொழுப்பு."

"ஓம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கதிரையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். "என்னட்டச் சொல்லியிருந்தா ராத்திரிப் புட்டை நிப்பாட்டியிருப்பனே, அப்பா" என்றாள். எங்கள் பக்கத்தில் சில பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை, பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் மிகவும் சிரமப்பட்டு, கட்டங்கட்டமாக, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

வீக்கம் இறங்கியது. சொன்னது போலவே வயிறும் வந்தது. எங்கள் இருவரையும் தவிர ஒருவருக்கும் உண்மை தெரியாது. தேகப்பயிற்சி என்று அறிவித்தார். அதற்கு ஆதாரமாக தூக்கிப் பழகுகிற இரும்புக் குண்டுகள் ஒரு சோடி வாங்கி ஹோலில் வைத்தார். கடல் காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க அக்கா அவற்றை முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினாள். நான் அங்கிருந்த காலத்தில் வேறு எவரும் அவற்றைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

அத்தான் ரயில் பாதையைக் கடந்து காலையில் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார், சேட்டில்லாமல். மாடிப்படியில் மறித்து எப்படி என்று கேட்ட இளைஞர்களுக்கு அறிவுரை வழங்கினார். வயிறு என்பது மனிதனின் கட்டுப்பாடு என்பார். நாலரை மணிக்கு எழும்பவேண்டும், எண்ணெய்ப் பண்டம் தொடக்கூடாது, மனதை ஒரு நிலையில் நிறுத்தவேண்டும் என்பார். சொல்லிவிட்டு உள்ளே வந்து கடலை வடையை எடுப்பார்.

எல்லாவற்றையும்விட அதிசயம் சோதனைச் சாவடி. பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்குவார். சிப்பாய் வாயைத் திறப்பதற்குள் சேட்டு நெஞ்சுவரை போயிருக்கும். தூக்கச் சொல்லாத இடத்திலும் தூக்கினார். இந்த நாட்டிலே செக்கிங் பிடித்த ஒரே தமிழன் தன் புருஷன்தான் என்று அக்கா சொல்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கடைக்குக் கண்ணாடி வில்லைகள் எடுக்கப் புறக்கோட்டைக்குப் போன அத்தானின் ஓட்டோவை மறித்தார்கள். வழக்கம்போல இறங்கித் தூக்கினார். அந்தச் சிப்பாய் சிரிக்கவில்லை. இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் வேறொருவனைக் கூப்பிட்டான். தொப்புளுக்குக் கீழேயும் இடுப்பின் இரு பக்கமும் இருந்த சின்ன வடுக்களை விரலால் அழுத்திப் பார்த்தார்கள். மத்திய வயதுத் தமிழன், அடையாள அட்டைப்படி யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், கல் மாதிரி வயிறு, அதில் துளைத் துளையாகக் காயம். அத்தானை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஓட்டோக்காரர் கடைக்குச் சொல்ல, கடையிலிருந்து அக்காவுக்குச் சொல்ல, அக்கா என் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். அவள் குரலில் சிரிப்பின் சுவடே இல்லை. அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் வீட்டுக்கு வரவில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை; எனக்கு விரல்கள் மரத்துப்போயின.

அங்கே ஒரு மர வாங்கில் அத்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க, எலும்பும் தோலுமான ஒரு மனிதர். வெளிநாடு போகவென்று, சண்டை நடந்துகொண்டிருந்த வன்னிப் பக்கத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்தவராம். வயிற்றில் நீளமான தழும்பு ஒன்று இருந்ததற்காகக் காலையிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். அவருக்காக ஒருவரும் வரவில்லை.

பொறுப்பதிகாரி கனத்த மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று கண்டதும் கொஞ்சம் ஆறுதலடைந்தவர்போல நடந்ததைச் சொன்னார். அத்தானின் சிங்களம் முழுக்கக் கடைச் சிங்களம். பயத்தில் அவருக்கு வேறொன்றும் வரவில்லை. பெயரைக் கேட்டதற்கு, அதிகாரியின் கண்ணாடியைப் பார்த்து, "மாத்தயாட்ட லஸ்ஸனய்" என்றிருக்கிறார். உங்களுக்கு இது அழகாயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஆங்கிலத்தில் விசாரித்திருக்கிறார்கள். இந்த உடம்பு எப்படி வந்தது? பயிற்சி. என்ன பயிற்சி? நாலரை மணிக்கு எழும்பி ஓட்டம், தண்டால். எங்கே எடுத்த பயிற்சி?

"இந்தியாவில் என்று சொல்கிறார்" என்றார் அதிகாரி.

இயக்கக்காரர் ஒரு காலத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்த நாடு அது. நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா கண்களை மூடித் திறந்தாள். அத்தானிடம் திரும்பி, மிகவும் தாழ்ந்த குரலில், உண்மையைச் சொல்லும்படி சொன்னாள்.

"இவ்வளவு பேர் நிக்கினம்" என்றார் அத்தான்.

அவர் சொன்னது உண்மைதான். கான்ஸ்டபிள்கள், வாக்குமூலம் எழுதுகிறவர், தேநீர் கொண்டுவந்தவர், பக்கத்தில் அந்த மெலிந்த மனிதர். அத்தானின் முகத்தில் பயம் அப்பிக்கிடந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. அப்படியிருந்தும் வயிறு எக்கியபடியே இருந்தது, எக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

எனக்கு அந்த ஒப்பரேஷனுக்குச் சிங்களச் சொல் தெரியாது. வயிற்றுக் கொழுப்பை எடுத்தது என்றேன். எப்படி எடுப்பது என்று கேட்டார்கள். குழாயால் உறிஞ்சி என்றேன். விளங்கவில்லை. கடைசியில் கம்பளத் தூசியை உறிஞ்சுகிற மெஷினைப் போல ஒலியெழுப்பிக் கையால் காட்டினேன். எழுதுகிறவர் பேனையை வைத்துவிட்டார். இதெல்லாம் தசையல்ல, மிச்சம் விட்ட கொழுப்பு என்று முடித்தேன். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி நம்பவில்லை. ஆம்பிளை ஒருவன் காசு கொடுத்து இதைச் செய்வானா என்று என்னையே கேட்டார். பிறகு வாங்கிலிருந்த மற்றவரைக் கைகாட்டி, இவனும் ஒப்பரேஷன் என்றுதான் சொல்கிறான், பிடிபடுகிற எல்லாருக்கும் ஏதாவது ஒப்பரேஷன் என்றார். எழும்பி வந்து, அத்தானைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்து, காலைத் தூக்காமல் எழும்பிக் காட்டவேண்டும்.

பயிற்சி எடுத்த உடம்பென்றால் எழும்பும். எழும்பினால் வீட்டுக்கு வராது. அங்கிருந்த எல்லாருக்கும் இது விளங்கியது, அத்தான் ஒருவரைத் தவிர. இத்தனை பேருக்கு முன்னால் அவருடைய வயிற்றைச் சோதிக்கிறார்கள். தோற்பதற்கு அவர் தயாராயில்லை. பல்லைக் கடித்து எழும்பினார். பாதிவரை வந்தார். அக்கா கும்பிட்ட கையோடு, "பின்னால விழுங்கோ, விழுங்கோ" என்று முணுமுணுத்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இன்னும் கொஞ்சம் வந்தார். அப்போது கால்கள் இரண்டும் தாமாக மேலே கிளம்பின, முதுகு பின்னால் போயிற்று, மேசைக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆமை மாதிரிக் கிடந்தார். திரும்ப முயற்சி செய்கிறேன் என்று கையைக் காட்டினார். அக்கா போய் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு, கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அத்தான் போகவில்லை. தரையிலேயே எழும்பி உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்த வருடங்களில் முதல் தடவையாக, அந்நியர்கள் இத்தனை பேர் நிற்க, மூச்சை முழுக்க வெளியே விட்டார். வாங்கிலிருந்த மெலிந்த மனிதரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இவருக்கும் அதே டொக்டர்தான் செய்தவர் எண்டு சொல்லு. நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் போனனாங்கள்."

அக்காவைப் பார்த்தேன். அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். அவர் பயத்தில் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன்.

அதிகாரி அந்த மனிதரை எழும்பிச் சேட்டைத் தூக்கச் சொன்னார். விலா எலும்புகளை எண்ணலாம். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அதன் குறுக்கே சாணளவு தழும்பு. அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டு, இவனிடமிருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டார். நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன்.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டினம்" என்றார் அத்தான்.

நான் மொழிபெயர்த்ததும் கான்ஸ்டபிள்கள் மறுபடி வெடித்துச் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அத்தானை ஒரு முறை பார்த்தார். பொய்யென்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். பிறகு அவர் எழுதுகிறவரிடம் திரும்பி, லொட்ஜ்காரனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த ஆளை அனுப்பிவிடு என்றார்.

அத்தான் வாங்கில் அந்த மனிதருக்குப் பக்கத்தில் திரும்பப் போய் உட்கார்ந்து, லொட்ஜ்காரர் வந்து கையெழுத்து வைக்கும்வரை அசையவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் நாலு பேரும் வெளியே வந்தோம். அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் அவசரமாக ஓட்டோ ஒன்றை மறித்து அவரை ஏற்றிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அதன்பின் அக்கா தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். காலை பாண், பகல் சோறு, இரவு புட்டு, நடுவில் எண்ணெய்ப் பலகாரம். சோதனைச் சாவடியில் உயிரைக் காப்பது தொப்பைதான் என்று கண்டுகொண்ட மனைவியின் சமையல் அது. அத்தானும் மறுக்காமல் சாப்பிட்டார். வயிறு திரும்பி வந்தது, ஆனால் பழைய மாதிரியல்ல. டொக்டர் கீறிய கோடுகள் கோடுகளாகவே நிற்க, மேடுகள் மட்டும் ஊதிக்கொண்டு, பேக்கரித் தட்டில் அடுக்கிய பணிஸ் போல ஆறு தொப்பைகள் வந்தன. அதைக் கண்ட சிப்பாய்கள் குழம்பிப்போய், பேசாமல் போகவிட்டார்கள்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, எனக்கு எழுத்துகள் மங்கத் தொடங்கியதும் அவருடைய கடைக்குத்தான் போனேன். கல்யாணம் முடித்து நான் பாமன்கடைப் பக்கம் போயிருந்தேன். கடையில் வேறு ஆளில்லை. பிரேம் ஒன்றை எடுத்து என் காதில் மாட்டி, சரிவைத் திருத்திக்கொண்டிருந்தார். அப்போது கேட்டேன், அந்த மனிதருக்கு உண்மையில் அது என்ன காயம் என்று. அவ்வளவு நேரம் ஒரே வாங்கில் அவரோடு இருந்தீர்களே என்றேன்.

அத்தான் பிரேமைக் கழற்றி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் கேக்கேல்லை, பிள்ளை" என்றார். "கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமெல்லே."